தூதர்களில் சிலர்தான் விழுந்தார்கள், நாம் ஏன் எல்லாரும்?

"டீச்சர், சாத்தானோடு போன தூதர்கள் கொஞ்சம் பேர்தானே, மனுஷன்ல மட்டும் ஏன் ஒருத்தர்கூட மிஞ்சல?" மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில், படிவம் இரண்டு படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள். தேவதூதர்களில் சிலர் மட்டும் பாவத்தில் விழ, மனிதர் எல்லாருமே விழுந்தது ஏன் என்பதுதான் அவள் கேள்வி. இதற்கு "அது தேவ ரகசியம்மா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் சபை இதைப் பல நூற்றாண்டுகளாக உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

தூதர்கள் ஒரு குடும்பம் இல்லை. அவர்களுக்குள் கல்யாணம் இல்லை என்பது மத்தேயு 22:30இலேயே தெரிகிறது, அப்புறம் தாய் தகப்பன், வம்சம் எல்லாம் எங்கே? ஒவ்வொருவரையும் தேவன் தனித்தனியாகப் படைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் இன்னும் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு தூதரும் தனி இனம் என்றே எழுதினார். அதனால் ஒருவர் விழுந்தால் அது அவரோடு போயிற்று. (மூன்றில் ஒரு பங்கு தூதர்கள் விழுந்தார்கள் என்று பிரசங்கங்களில் அடித்துச் சொல்கிறார்கள். வெளிப்படுத்தல் 12:4இல் இருப்பது வலுசர்ப்பத்தின் வால் இழுத்துப்போட்ட நட்சத்திரங்கள்தான், மற்றது வியாக்கியானம்.)

நாம் அப்படியில்லை, எல்லாரும் ஆதாம் என்ற ஒரே மனுஷனின் வம்சம். ஒரே தாய்மரத்து மொட்டை ஒட்டி வளர்த்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரக ரப்பர் மரங்களில், ஒன்றுக்கு எந்த நோய் சுலபமாகப் பிடிக்குமோ அது நிரை முழுவதற்கும் பிடிக்கும். ரோமர் 5:12 சொல்வதும் அதுதான், ஒரே மனுஷன் வழியாகப் பாவம் வந்தது, பாவத்தால் மரணம் எல்லாருக்கும் வந்தது. ஆதாமின் குற்றமே நமக்கும் வருகிறது என்றார் மேற்குச் சபையின் பழைய ஆயர் அகஸ்டின். ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கிழக்குச் சபைகளோ, குற்றம் அவனுடையது, நமக்கு வந்தது சாவும் அதனால் வரும் பலவீனமும் என்கின்றன. எனக்கு மனசு கிழக்குப் பக்கம்தான் சாய்கிறது, பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அதைக் குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, யாரோ செய்ததற்கு நாம் அனுபவிப்பது அநியாயம் இல்லையா? அந்தப் பெண்ணும் உடனே இதைத்தான் கேட்டாள். தனித்தனியாக நின்றிருந்தால் நம்மில் சிலர் தேறியிருக்கலாம், ஆனால் தேறாதவர்களுக்கு யார் இருந்திருப்பார்கள்? கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098இல் முடித்த நூலில் இதைப் பிடித்துக்கொள்கிறார்: மனிதர் ஒரே வம்சம், ஆகவே அந்த வம்சத்தில் பிறந்த ஒருவர் எல்லாருக்காகவும் நிற்க முடிந்தது, தூதர்களுக்கோ அப்படி நிற்க ஒரு சொந்தக்காரர் இல்லை. எபிரெயர் 2:16இல் கிறிஸ்து தூதர்களுக்குக் கைகொடுக்கவில்லை, ஆபிரகாமின் சந்ததிக்கே கைகொடுத்தார் என்று இருப்பதை இத்தோடு சேர்த்துப் படித்தால், ஆதாமின் பாவம் எந்த ரத்த உறவு வழியாக நம்மிடம் வந்ததோ அதே உறவு வழியாகத்தான் கிறிஸ்துவும் நம்மிடம் வந்தார் என்பது தெரியும்.