15.6 இன்ச்சா, 14 இன்ச்சா? அட்டையை வெட்டிப் பார்த்து லேப்டாப் வாங்கினேன்

எம்.எஸ்ஸி. புள்ளியியல் சேர்ந்தபோது அண்ணன் தன்னுடைய பழைய 15.6 இன்ச் லேப்டாப்பைக் கொடுத்தான். வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தால் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீடு குரோம்பேட்டையில். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் கிண்டி, அங்கிருந்து பஸ். காலை நேரத்தில் தாம்பரத்திலேயே சீட் நிரம்பித்தான் வண்டி வரும். பரங்கிமலை வருவதற்குள் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் அணைத்துக்கொண்டால்தான் நிற்கவே இடம் கிடைக்கும்.

ஒரே மாதத்தில் வலது தோளில் பட்டை அழுத்தும் இடம் கன்றிப்போனது. சரி, என்னதான் கனம் என்று பார்ப்போமென்று தெருமுனை மளிகைக்கடைக்குப் பையோடு போனேன். அண்ணாச்சி தராசில் வைத்தார். லேப்டாப் மட்டும் 2 கிலோ 180 கிராம். சார்ஜர் 410. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், நோட்டு எல்லாம் சேர்த்து மொத்தப் பை 6 கிலோவைத் தொட்டது. "இதையா டெய்லி தூக்கிட்டுப் போறே, பாப்பா?" என்று கேட்டார்.

இரண்டாவது செமஸ்டரில் அதன் பேட்டரியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. புதிதாக வாங்க அப்பா 55 ஆயிரம் ஒதுக்கினார். பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்றெல்லாம் முடிவு செய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. திரை அளவுதான் இரண்டு வாரம் இழுத்தது. சின்னதாக வாங்கினால் கண் வலிக்கும் என்றாள் தோழி. படிப்புக்குப் பெரிய ஸ்கிரீன்தான் நல்லது என்றான் அண்ணன்.

எல்லோரும் சொல்லும் அந்த இன்ச் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்குமான அளவு. படிக்கிற நமக்கு அதைவிட உயரம்தான் முக்கியம், ஏனென்றால் பாடப் பக்கம் மேலிருந்து கீழே ஓடுகிறது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அண்ணன் லேப்டாப் திரையை அளந்தேன். அகலம் 34.5 செ.மீ., உயரம் 19.4. அது 16:9 விகிதத் திரை, அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. இப்போது வரும் பல 14 இன்ச் மாடல்களில் 16:10 திரை இருக்கிறது. கணக்குப் போட்டால் அகலம் 30.2, உயரம் 18.8. அகலத்தில் 4 செ.மீ.க்கு மேல் குறைகிறது, ஆனால் உயரத்தில் போவது வெறும் 6 மில்லிமீட்டர்! அதே 14 இன்ச் 16:9 விகிதத்தில் இருந்தால் உயரம் 17.4தான். பெயரளவில் இரண்டுமே 14 இன்ச். இதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, 13.3, 14, 15.6 என மூன்று துண்டு செய்தேன். கடையில் பார்த்த மாடல்களின் முழு உடல் அளவுக்கு, திரையைச் சுற்றியுள்ள விளிம்பும் சேர்த்து வெட்டினேன். மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். வகுப்பில் எங்களுக்குக் கைப்பலகை வைத்த நாற்காலி. 15.6 அட்டை பலகையின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 14 அட்டை சரியாக உட்கார்ந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை முழுக்க உட்கார்வேன். அங்கே 14 அட்டையைப் போட்ட பிறகும் பக்கத்தில் நோட்டைத் திறந்து எழுத இடம் மிச்சம் இருந்தது. இந்த ஒரு வாரம்தான் என் குழப்பத்தைப் பாதிக்கு மேல் தீர்த்தது.

மீதிக்கு, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் வெள்ளிக்கிழமை மதியம். பென் டிரைவில் என் பாடப் பிடிஎஃப் ஒன்றும், நீளமான எக்செல் ஒன்றும் எடுத்துப் போனேன். கடைக்காரர் ஓடவிட்டிருந்த டெமோ வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். "படிக்கிறதுக்குன்னா 15.6 எடுத்துக்கங்க சிஸ்டர், எல்லாரும் அதான் எடுக்கிறாங்க" என்றார் ஒருவர். பிடிஎஃப்பைத் திறக்கட்டுமா என்று கேட்டேன், மறுக்கவில்லை.

இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் புள்ளியியல் கணக்குப் போடும் ஆர் ஸ்டூடியோ மென்பொருள். நான் வேலை செய்வது இப்படித்தான். 13.3ல் எழுத்து படிக்கும்படி இருக்க ஸ்கேலிங்கை, அதாவது திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 150 சதவீதம் வைக்க வேண்டியிருந்தது, உடனே இரண்டு ஜன்னலும் நெரிந்துவிட்டன. அடிக்குறிப்பில் வரும் சின்ன சிக்மா குறியீடுகளுக்காக முகத்தைத் திரையருகே கொண்டுபோனேன். 14ல் 125 சதவீதம் போதும், சாதாரண தூரத்திலேயே படிக்க முடிந்தது. 1920 × 1200 என்பதால் ஃபுல் ஹெச்டியைவிட (1920 × 1080) 120 பிக்சல் வரிசை கூடுதல். எக்செல்லில் அது நாலைந்து வரிகள். ஒரு மாடலில் திரை பளபளவென்று இருந்து, டியூப்லைட்டும் என் முகமும் அதில் தெரிந்தன. நூலகத்தில் நாள் முழுக்க அது கண்ணை உறுத்தும் என்று விட்டுவிட்டேன்.

பளபளக்காத மேட் திரை, 16:10, 14 இன்ச் வாங்கினேன். எடை 1 கிலோ 420. டைப்-சி சார்ஜர் உள்ளங்கையளவு. பட்ஜெட்டில் மிச்சமான பணத்தில் அதே தெருவில் 3,500 ரூபாய்க்கு ஒரு பழைய 21.5 இன்ச் மானிட்டர் கிடைத்தது. செங்கல் இரண்டின் மேல் வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தியிருக்கிறேன். ராத்திரிப் படிப்பு முழுக்க அதில்தான். பெரிய திரையை ரயிலில் சுமக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது.

கீபோர்டின் வலப்பக்கம் தனியாக இருக்கும் எண் பட்டன்கள், அதாவது நம்பர் பேட், இல்லாததுதான் உண்மையான இழப்பு. டேட்டா அடிக்கும்போது முதல் இரண்டு வாரம் கை வலப்பக்கமே போனது. யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று தனியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி வந்திருந்தான். சிவில் படிக்கிறான், காலேஜுக்கு ஸ்கூட்டரில் போகிறான், வரைபட வேலை அதிகம். அவனுக்கு 16 இன்ச்தான் சரிவரும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தேன். இருந்தாலும் மூன்று அட்டைகளையும் கையில் கொடுத்து, 16க்கு ஒரு துண்டு நீயே வெட்டிக்கோ, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போகுதா என்று முதலில் பார் என்றேன். அம்மாவின் டேப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.