பல் துலக்கும் கரடியும் புற்று உறிஞ்சும் கரடியும்

காட்டு விலங்குகள் ஒரு நாளை எப்படிக் கழிக்கின்றன என்று சொல்லும் படப்புத்தகங்கள் எங்கள் வீட்டில் நிறையச் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசிக் கதை ஒன்றுதான். சூரியன் எட்டிப் பார்க்கும், கரடி பல் துலக்கும், மான் பள்ளிக்கூடம் போகும், இரவானதும் எல்லாரும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆந்தையும்கூட! பாவம், அது வேட்டைக்குக் கிளம்புகிற நேரம் அது.

பிள்ளை பல் துலக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், அதற்காக எழுதுகிறார்கள். சரி. ஆனால் விலங்குகளின் நிஜ வேலைகளே இதைவிட வேடிக்கையாக இருக்கும்போது, பிரஷ் எதற்கு?

இப்போது கையில் இருக்கும் புத்தகம் அந்த வகையில்லை. அந்தி நேரத்தில் தொடங்குகிறது. அணில் கூட்டுக்குத் திரும்புகிற அதே பக்கத்தில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் கிளம்புகின்றன. அடுத்ததுதான் என் மகனுக்கு மனப்பாடமான பக்கம். கரடி நகத்தால் கரையான் புற்றைப் பிளக்கிறது. மண்ணை உஃப்பென்று ஊதித் தள்ளுகிறது. மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போலக் குவித்துக் கரையான்களை உறிஞ்சுகிறது. அதற்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது, அந்தச் சந்து உறிஞ்சத் தோதாக இருக்கிறது. படத்திலும் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். முதுகில் குட்டி, தாயின் முடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் நான் ஊத வேண்டும், அவன் உறிஞ்சுவான். புத்தகம் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நடுப்பகல் பக்கத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை. மந்திகள் கிளைக்குக் கிளை தாவுகின்றன. வயிறு நிறைய இலை தின்ற மந்தி அந்நேரத்தில் செரிக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் அவை உதிர்த்த தழையைக் கீழே புள்ளிமான்கள் மேய்வதை வரைந்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே மன்னித்துவிடலாம்.

அப்புறம் யானை. ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கும் மேல் தீனிதான், 150 கிலோ வரை போகும். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் காட்டு யானைகளைக் கவனித்தபோது, சராசரியாக 2 மணி நேரம்தான் தூங்கின, அதையும் பெரும்பாலும் நின்றபடியே. இதை வாசித்ததும் வந்தது கேள்வி: "அப்போ நானும் ரெண்டு மணி நேரம் தூங்கினா போதுமாப்பா?" 150 கிலோ தழையைத் தின்றுவிட்டு வா, பேசலாம் என்றேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தான்.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதில் எழுத்து அதிகம். படத்தைக் காட்டிச் சத்தங்களை மட்டும் போடுங்கள், போதும். யானைப் பக்கத்தைத் தூங்கப் போகும் நேரத்தில் திறக்காதீர்கள்.