‘நைஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம்

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கிலப் பாடத்துக்குப் படித்த காலத்தில், சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். ஒரு சொல்லுக்குக் கொப்பியில் ஒரு முழுப் பக்கம். எங்கிருந்து வந்தது, எதோடு சேரும், எங்கே ஒட்டாது என்று அதில் எழுதி வைப்பேன். முதல் பக்கம் ‘நைஸ்’ என்ற பெயரடைக்கு. எங்கள் வகுப்பில் யாருடைய கட்டுரையைத் திறந்தாலும் அதுதான் நிற்கும்.

அதன் பூர்வீகம் வேடிக்கையானது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாத என்று பொருள். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ‘சயன்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதே ‘ஸ்கிரே’தான் வேர்! பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் மடத்தனமான. அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிற, நுணுக்கம் பார்க்கிற என்று மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. பழைய நுணுக்கம் இன்னும் சாகவில்லை. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் அழகான வேறுபாடு அல்ல, மிக நுண்ணிய வேறுபாடு. தோசைக்கு மாவை ‘நைசா அரை’ என்று வீட்டில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த நைஸ்.

நுவரெலியாக் குளிரில் ‘த டீ இஸ் நைஸ் அண்ட் ஹொட்’ என்றால் தேத்தண்ணிக்கு இரண்டு பாராட்டு இல்லை. நல்ல இதமான சூடு என்ற ஒன்றுதான். ஒப்பிடும்போது ‘நைஸர்’, ‘நைஸஸ்ட்’. ‘மோர் நைஸ்’ என்று எழுதாதீர்கள்.

கட்டுரைதான் முக்கியம். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த கதையை எழுதும்போது இடமும் நைஸ், காலநிலையும் நைஸ், சாப்பாடும் நைஸ் என்றால் வாசிப்பவர் கண்ணில் ஒன்றும் விழாது. அங்கே ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பில் நின்று என்ன பார்த்தீர்கள்? மூடுபனி என்றால் ‘மிஸ்டி’, செங்குத்துப் பள்ளம் என்றால் ‘ஸ்டீப்’, காற்று ஆளைத் தள்ளியது என்றால் ‘விண்டி’. நைஸை அடித்துவிட்டு இவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வசனமே நிமிரும்.

பேச்சில் அப்படி விரட்டத் தேவையில்லை, அங்கே அது நல்ல பிள்ளை. ஒன்று மட்டும்: ‘நைஸ் டு மீட் யூ’ முதல் சந்திப்புக்கு. அதே ஆளை மறுபடி கண்டால் ‘நைஸ் டு சீ யூ’. நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள் இதையும் அந்தப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.