14,000: கோத்தகிரி லேப் குறிப்புகள்

நவம்பர் 5, செவ்வாய்

விடாத மழை. கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர், முப்பது வயது இருக்கும். பத்து நாளாக ஈறில் ரத்தம். பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று எங்கேயோ சொல்லியிருக்கிறார்கள். லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்டாராம், நல்லவேளை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பஞ்சு நனைந்து சொட்டுகிறது.

வெள்ளையணு 3,100, பிளேட்லெட் 14,000. "டெங்குவா அக்கா?" என்றார் கணவர். கையில் பப்பாளி இலைச்சாறு பாட்டில். பதில் சொல்லாமல் ஸ்லைடு போட்டேன். செல்லுக்குள் கருஞ்சிவப்புத் துகள்கள். ஒன்றில் மட்டும் விறகுக்கட்டு மாதிரி குச்சிகள். படிக்கும்போது படத்தில் பார்த்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே "ஏ.பி.எல்." என்றார். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்.

அப்புறம் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் மிளகு அளவில் ரத்தக் கொப்புளங்கள். "நம்பரைவிட இதுதான் எனக்குப் பயம்." ரத்தம் உறையும் நேரம் பார்த்தேன்: சாதாரணமாக 13 விநாடி, இவருக்கு 22. ஊசி போட வேண்டாம், வலி மாத்திரை வேண்டாம் என்று எழுதி, ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பினோம்.

நவம்பர் 6, புதன்

தூக்கம் வரவில்லை. டெங்குவில் இதே 14,000 வந்தவர்கள் எத்தனையோ பேர் சொட்டு ரத்தம் போகாமல் எழுந்து போயிருக்கிறார்கள். வேறு லுக்கீமியா என்றால்கூட, ரத்தம் கசியாத வரை பிளேட்லெட் 10,000க்குக் கீழே போனால்தான் பொதுவாக ஏற்றுவார்கள். இதில் 30,000–50,000க்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வேண்டுமாம். புற்றணுக்களே உறைதலைக் கிளப்பிவிட்டு ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் புரதத்தைத் தின்று தீர்த்துவிடுகின்றன. செங்கல் மட்டும் குறைவு என்றால் சமாளிக்கலாம், சிமெண்டும் இல்லை.

வெள்ளையணு 10,000ஐத் தாண்டினால் ஆபத்து இன்னும் அதிகம் என்றார் டாக்டர். 3,100 என்பது ஆறுதல்தான், உத்தரவாதம் இல்லை. தலைக்குள் கசிந்தால் முடிந்தது. அதுவும் முதல் சில நாட்களில்தான் அதிகம் நடக்கும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. வழியில் குஞ்சப்பனையில் மண் சரிந்திருக்குமோ என்றுதான் ராத்திரி முழுக்க நினைப்பு.

நவம்பர் 8, வெள்ளி

கணவர் பேசினார். மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கு ராத்திரியே 'அட்ரா' மாத்திரை கொடுத்துவிட்டார்களாம். வைட்டமின் ஏ வகை மருந்து. 1980களில் ஷாங்காயில் கண்டுபிடித்த வைத்தியம். ஃபைப்ரினோஜன் 90. அதை 150க்கு மேல் கொண்டுவர, பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் 'கிரையோ', கூடவே பிளேட்லெட், பை பையாக. ரத்தம் கொடுக்க எஸ்டேட்டிலிருந்து ஆறு பேர் ஜீப்பில் இறங்கியிருக்கிறார்கள்.

பப்பாளிச் சாற்றை எங்கள் ஃபிரிட்ஜில் விட்டுப் போயிருக்கிறார். கொட்ட மனசு வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

இன்னும் வார்டில்தான். ஆர்சனிக் மருந்து நரம்பில் ஏறுகிறது. நடுவில் மூச்சுத் திணறல் வந்து ஸ்டீராய்டு கொடுத்தார்களாம். பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டேன். கணவருக்கு நினைவில்லை.

"இன்னிக்கு ரத்தம் எடுத்தாங்கக்கா. பஞ்சு வெச்சு ரெண்டே நிமிஷம், நின்னுடுச்சு."