கடைமடையிலிருந்து ஒரு வாக்கு

2023 மார்ச் 15 அன்று நெதர்லாந்தில் நடந்த ஒரு தேர்தலில் என் வாக்கு பதிவானது. அந்த நேரத்தில் நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, எங்கள் வயலை ஒட்டிய வடிகாலில் முழங்கால் அளவு சேற்றில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டுதான். டச்சுக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பித்ததே இல்லை. அங்கே இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்தத் தேர்தலுக்கு வரும் அழைப்பு அட்டையை விளம்பரக் காகிதத்தோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள். நானும் போட இருந்தவள்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் என் வீட்டுக் கதவிடுக்கில் என் பெயருக்கு ஓர் உறை கிடந்தது. 'ஸ்டெம்பாஸ்' என்று தலைப்பு. வாக்களிக்க வரச் சொல்லும் அட்டை. யாருக்கோ வரவேண்டியது எனக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். வெளிநாட்டவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்குண்டு என்பது தெரியும். 1986-இலிருந்தே அங்கே நகராட்சித் தேர்தலில் வெளிநாட்டவர் வாக்களிக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். நான் போனது 2019 கடைசியில்தான்.

எதிர்வீட்டு அம்மையாரிடம் காட்டினேன். எழுபதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று மாகாணத் தேர்தலுக்கு. அது குடிமக்களுக்கு மட்டும். மற்றொன்று 'வாட்டர்ஸ்காப்' தேர்தலுக்கு, அதாவது நீர் வாரியத்துக்கு. இந்த இரண்டாவதில் ஐந்து ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த வாரியத்தின் எல்லைக்குள் வசிக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், செல்லுபடியாகும் வதிவிட அனுமதி இருக்க வேண்டும். அவ்வளவுதான். "நீ நீர்வரி கட்டுகிறாய் அல்லவா, பிறகென்ன?" என்றார். கட்டுகிறேன். வாடகை வீட்டில் இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை அந்த ரசீது தவறாமல் வந்துவிடும்.

ஆனால் எனக்கு மார்ச் 5-ஆம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்தப் பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்துபோனது. எங்கள் பதினைந்து மா நிலமும், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கரும், அதில் அடக்கம். ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. அப்பா தொலைபேசியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அதுதான் என்னைக் கிளப்பியது.

ஊரில் இல்லாவிட்டால் வாக்கு போயிற்று என்றுதான் நம் அனுபவம் சொல்லும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் 6ஏ படிவம் கொடுத்து நம் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்து நிற்க வேண்டும். ஒரு விரல் மைக்கு எவ்வளவு விமானக் கட்டணம்! அங்கே வேறு வழி வைத்திருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினால், நமக்காக வாக்களிக்கப்போகிறவரின் பெயரை எழுத இடம் இருக்கிறது. நான் ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து. கூடவே என் வதிவிட அட்டையின் நகல். அதைக் கைப்பேசித் திரையில் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர் தம் வாக்கைப் போடும்போதே என்னுடையதையும் சேர்த்துப் போட வேண்டும். ஒருவர் தம் வாக்கோடு அதிகபட்சம் இரண்டு பேருக்காகப் போடலாம். அம்மையாரின் சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டு கையெழுத்தும் போட்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நோட்டரி இல்லை, முத்திரை இல்லை, கட்டணம் இல்லை.

"யாருக்குப் போடட்டும்?" என்று கேட்டார். ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேட்பாளர் பட்டியலைப் படிக்கும் அளவுக்கு என் டச்சு அப்போது தேறியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஊரில் அந்தப் பட்டியலைத் திண்ணையில் விரித்தேன். விரித்தேன் என்றால் கைப்பேசியில். மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அப்பாவும் சித்தப்பாவும் நம் பஞ்சாயத்துத் தேர்தலைவிட அக்கறையாகக் கேட்டார்கள்.

"வாரியம் எத்தனை முறை தண்ணீர் விடும்?"

"விடாது அப்பா. வெளியேற்றும்."

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் நாள் எண்ணுகிற மனிதர். அவரிடம், ஒரு நாட்டில் மழைத்தண்ணீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் வீடு முழுகிவிடும் என்று விளக்குவது லேசான காரியம் இல்லை. டெல்ஃப்டைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. வாய்க்கால் மேலே ஓடும், வயல் பள்ளத்தில் கிடக்கும். கரையைக் காப்பது, நீர்மட்டத்தை நிர்ணயிப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது எல்லாம் இந்த வாரியங்களின் வேலை. நாடு முழுக்க 21 வாரியங்கள் இருக்கின்றன. எங்கள் பகுதி வாரியத்துக்கு வயது எழுநூறுக்கு மேல்.

"அப்படியானால் சண்டை எதற்கு?" என்றார் சித்தப்பா. கட்சி என்று இருந்தால் சண்டை இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. சண்டை இருக்கிறது. அந்த மண் புல்கரி மண், அதாவது பாதி மக்கிய செடிகொடிகளால் ஆனது. நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் மாடு மேயும், டிராக்டர் இறங்கும், ஆனால் காய்ந்த மண் மக்கி நிலம் மெல்ல அமிழ்ந்துகொண்டே போகும். உயர்த்தி வைத்தால் நிலம் நிற்கும், விவசாயி திட்டுவான். யார் எவ்வளவு வரி கட்டுவது என்பது இன்னொரு சண்டை. வாரியத்தில் விவசாயிகளுக்கென்று 2 இடம், இயற்கைப் பகுதிகளைப் பராமரிப்பவர்களுக்கு 2 இடம் தேர்தல் இல்லாமலே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா, "இரண்டுதானா?" என்றார்.

கடைசியில் அப்பாதான் முடிவு சொன்னார். "வடிகாலுக்குச் செலவு செய்வோம் என்று எவன் எழுதியிருக்கிறானோ அவனுக்குப் போடு." நான் தனியாக உட்கார்ந்து, கட்சிகளின் நிலைப்பாட்டைக் கேள்வி பதிலாக ஒப்பிடும் இணையப் பக்கம் ஒன்றில் அரைமணி நேரம் செலவழித்தேன். அது காட்டியதும் அப்பா சொன்னதும் ஒத்துப்போகவில்லை. யாருக்கு என்று அம்மையாருக்கு எழுதினேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, அப்பாவும் படிப்பார்.

வாக்குப்பதிவு அங்கே காலை ஏழரைக்குத் தொடங்கும். நமக்கு அப்போது பகல் பன்னிரண்டு. அன்று வடிகாலில் ஆறு பேர் இறங்கியிருந்தோம். பிப்ரவரியில் தண்ணீர் வடியாமல் நின்றதற்கு மழையைவிட இந்த ஆகாயத்தாமரைதான் காரணம் என்பது அப்பாவின் வாதம். வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய்போல மிதக்கிறது. ஓர் ஓரத்தை அரிவாளால் அறுத்து, கயிறு போட்டு நான்கு பேர் இழுத்தால்தான் கரைக்கு வரும். வந்தபின் அதன் அடியில் தொங்கும் கறுப்பு வேரிலிருந்து கால்மணி நேரம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். யாருடைய வேலை இது என்று கேட்டால் ஆளுக்கோர் அலுவலகத்தைக் காட்டுவார்கள்.

ஒரு மணி வாக்கில் செய்தி வந்தது. வேலை முடிந்தது, பென்சில் வழக்கம்போலச் சிவப்பு, என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். அங்கே வேட்பாளர் பெயருக்கு முன்னால் உள்ள வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். விரலில் மை கிடையாது. படித்துக் காட்டினேன்.

"அந்த அம்மாள் நீ சொன்னவருக்குத்தான் போட்டாரா?" என்றார் சித்தப்பா.

"தெரியாது சித்தப்பா. மறைப்புக்குள் யார் எட்டிப் பார்ப்பது?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கயிற்றின் மறுமுனையில், வேலைக்கு வந்திருந்த அக்கா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "அங்கே உங்களுக்கு நிலம் இருக்கிறதா பாப்பா?" என்றார்.

"இல்லை அக்கா. வீடுகூட வாடகைதான்."

"நிலம் இல்லாதவர்களுக்கும் தண்ணீர் ஓட்டு உண்டா?"

குடியிருந்தால் போதும் என்றேன். நம்மிடமும் பாசன விவசாயிகள் சங்கத்துக்குத் தேர்தல் நடத்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வாக்கு, ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் வைத்திருப்பவருக்கு. அந்த அக்காவின் வீடு இதே வடிகாலின் கரையில்தான் இருக்கிறது.

அவர் ஒரு கொத்தைக் கரையில் எறிந்துவிட்டு, "போன மாதம் இந்தத் தண்ணீர் முதலில் வந்தது என் வீட்டுக்குள்தான்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா, டீ வாங்கிவரச் சொல்லிப் பையனைக் கடைக்கு அனுப்பினார்.