காமலாபுரத்துக்கு வந்த விமானங்கள்

அரையாண்டு விடுமுறை தொடங்கிய மறுநாள் அதிகாலை, பவானியில் இருந்து மேட்டூர் பஸ்சில் ஏறினோம், நானும் அக்கா மகனும். ஏழாவது படிக்கிறான். அவன் பையில் ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பைனாகுலர், அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அம்மாபேட்டை வரை வலதுபக்கம் காவிரி கூடவே வந்தது, பனியில் பாதி மறைந்தபடி. மேட்டூரில் இறங்கி மேச்சேரி வழியாக ஓமலூர், அங்கிருந்து காமலாபுரம். சேலம் விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், அது இருப்பது சேலத்தில் இல்லை. ஓமலூருக்கு அந்தப் பக்கம், பெங்களூர் சாலையை ஒட்டி, காமலாபுரத்து மானாவாரிக் காடுகளுக்கு நடுவில். விவசாய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம்.

விமானம் பார்க்க வேண்டும் என்றால் கொங்கு நாட்டில் எல்லாரும் கோவைக்குத்தான் போகச் சொல்வார்கள். நானும் அங்கே பலமுறை போயிருக்கிறேன். பீளமேட்டில் 1940ல் இருந்து விமானம் இறங்குகிறது. ஓடுதளம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். சிங்கப்பூரில் இருந்து ஸ்கூட், ஷார்ஜாவில் இருந்து ஏர் அரேபியா எல்லாம் வரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும்போது, விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்குவதற்காக வடகிழக்கே சுற்றி வரும். அப்போது சின்னியம்பாளையம் பக்கம் அவிநாசி சாலையில் நின்றாலே சக்கரத்தின் ரப்பர் வரிகள்கூடத் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்பிய தேஜஸ் போர் விமானம் போகிற சத்தமும் கேட்கும். அதைக் கேட்பதோடு சரி. படைத்தளம் பக்கம் கேமராவை எடுக்கவே கூடாது என்று மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் என் மனசு காமலாபுரத்தில்தான் இருக்கிறது. காரணம் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா.

அப்புச்சிக்குச் சிக்கனம்பட்டிப் பக்கம் காடு. 1993ல் இந்த நிலையம் திறந்த புதிதில், சித்திரை வெயிலில், என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். என்.இ.பி.சி. என்ற தனியார் நிறுவனம் அப்போது விமானம் விட்டது. இரண்டு பக்கமும் விசிறி வைத்த விமானம். அது இறங்கி நின்றதும் அப்புச்சி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், கோயில் வாசலில் செய்வது போல. கொஞ்ச நாளில் அந்த விமானம் நின்றுபோனது. ஏறுவதற்கு ஆள் சேரவில்லை. அதன்பிறகு பல வருடம் அந்த ஓடுதளத்தில் பயணிகள் விமானம் வரவில்லை. அப்புச்சி மறுபடி அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் ரெட் வந்தது. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கேப்டன் கோபிநாத் 2003ல் பெங்களூரில் தொடங்கிய ஏர் டெக்கான்தான் இந்தியாவின் முதல் மலிவுக் கட்டண விமான நிறுவனம். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்று, விமானத்தில் ஏறுவதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதவர்களை ஏற்றியது. அதைக் கிங்ஃபிஷர் வாங்கி, 2008ல் கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாற்றியது. சேலத்துக்கும் சென்னைக்கும் அது ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானத்தை விட்டது. 2011ல் அதுவும் நின்றது. அடுத்த வருடம் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது.

மூன்றாவதாக வந்தது ட்ரூஜெட். ஐதராபாத்தைச் சேர்ந்த சின்ன, புது நிறுவனம். 2018 மார்ச் 25 அன்று சேலத்தில் இருந்து சென்னைக்கு முதல் சேவை. மத்திய அரசின் உடான் திட்டத்தில் கிடைத்த வழித்தடம் அது. சிறிய ஊர்களுக்கு விமானம் விட்டால் நஷ்டம் வரும் என்று நிறுவனங்கள் பயப்படும். அந்த இடைவெளியை மூன்று வருடத்துக்கு அரசு பணமாகக் கொடுத்து நிரப்பும். பதிலுக்கு, விமானத்தில் பாதி அளவு இருக்கைகளைக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்துத் தொடங்கினார்கள்.

அந்த வருடம் என் அம்மாவை அதில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அதுவரை ரயிலில்கூட ஜன்னல் ஓரம் கேட்டு உட்கார்ந்ததில்லை. ஏ.டி.ஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். அதனால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே தரை மறைக்காமல் தெரியும். மேலே ஏறி வளைந்ததும் அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “நம்ம அப்புச்சி காடு எதுடா கண்ணு?” என்று கேட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாமே சின்னச் சின்னச் செம்மண் சதுரமாக இருந்தது. ஆனால் அம்மா கண்டுபிடித்துவிட்டார். கிணற்றையும் பக்கத்தில் இருந்த ஒற்றைப் புளியமரத்தையும் வைத்து, அதுதான் என்று உறுதியாகச் சொன்னார். அது உண்மையில் எங்கள் காடாக இருந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்காகவே அந்த டிக்கெட் விலை தகும்.

2021ல் ட்ரூஜெட் சேவையும் நின்றது. 2022ல் அந்த நிறுவனம் பறப்பதையே நிறுத்தியது. நடுவில் கொரோனா வேறு. மூன்றாவது முறையும் நின்றபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், அதே மாதக் கடைசியில் இண்டிகோ சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் விமானம் விடத் தொடங்கியபோதுதான் மறுபடி வரத் தொடங்கினேன்.

சரி, அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். மதியம் வருகிற விமானத்துக்காக, வேலிக்கு வெளியே நல்ல தூரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். கிழக்கே சேர்வராயன் மலை நீலமாக நின்றது. ஓடுதளத்தின் பக்கம், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை மெதுவாக எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, காத்து வடகிழக்குல இருந்து வருது. அப்போ ப்ளேன் ஓமலூர்ப் பக்கம் இருந்துதான வரணும்?”

அவனாகவே சொன்னான். இந்த ஓடுதளத்துக்கு ஒரு முனையில் 04, மறுமுனையில் 22 என்று எண். திசைமானியில் 40 பாகை, 220 பாகை என்பதன் சுருக்கம் அது. இதைப் போன தடவை பஸ்சில் வரும்போது ஒருமுறைதான் சொன்னேன்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏனுங்க தம்பி, ப்ளேன் பாக்கவா இவ்வளவு தூரம்?”

“ஆமாங்கய்யா. பவானில இருந்து வரோம்.”

“எங்களுக்கு அது வந்தாத்தான் மத்தியானச் சோத்துக்கு நேரம். வரலீன்னா பசியே எடுக்கறதில்லீங்க.”

ஒருமுறை இதே மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருந்து, விமானம் ரத்து என்று பிறகு தெரிந்து திரும்பியிருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அதனால் இந்த முறை ஃபிளைட்ரேடார் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். விமானத்தில் இருக்கிற கருவி தன் இடத்தையும் உயரத்தையும் தானாகவே வானொலி அலையில் சொல்லிக்கொண்டே வரும், அதைப் பிடித்துத்தான் செயலி காட்டுகிறது. திரையில் மஞ்சள் விமானக் குறி மலையைத் தாண்டி வளைந்தது. அப்புறம் பைனாகுலர். “விளக்கு தெரியுது!” என்று மருமகன் எழுந்து நின்றான்.

ஏ.டி.ஆர். இறங்கும்போது ஜெட் மாதிரி இரைச்சல் இருக்காது. ஒரு ஆழ்ந்த முனகல், ஆறு இதழ் விசிறி இரண்டும் காற்றைப் பிசைகிற சத்தம். நீலமும் வெள்ளையுமாக எங்கள் முன்னால் தாழ்ந்து வந்து, சக்கரம் தரையைத் தொட்ட இடத்தில் ஒரு சின்னப் புகை. ஓடுதளம் 1,806 மீட்டர்தான். ஏர்பஸ் மாதிரிப் பெரிய ஜெட் விமானங்கள் முழுப் பாரத்தோடு வந்துபோக இது போதாது. ஏ.டி.ஆருக்கு இதுவே தாராளம்.

நின்ற பிறகு மருமகன் ஒன்றைக் கவனித்தான். இடதுபக்க விசிறி நின்றுவிட்டது, வலதுபக்க விசிறியும் சுற்றவில்லை, ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். பெரிய ஜெட் விமானங்களில் வால்பக்கம் ஒரு துணை எஞ்சின் இருந்து, தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. அதனால் வலதுபக்க விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு, அந்த எஞ்சினையே அந்த வேலைக்கு ஓட்டுவார்கள். ஆட்கள் ஏறி இறங்குவது இடதுபக்கம், அதுவும் வால்பக்கக் கதவு வழியாக. சொல்லி முடிப்பதற்குள் அவன் நோட்டில் படமே வரைந்துவிட்டான். கூடவே வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளையும் குறித்துக்கொண்டான்.

பெரியவர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். அவர் காடு, நிலையத்தை விரிவாக்க எடுக்கப்போவதாகச் சொன்ன நிலத்துக்குள் வருகிறதாம். 2018ல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய நான்கு ஊர்களிலும் சுமார் 570 ஏக்கர் கேட்டபோது, இங்குள்ள விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. இங்கே பெரிய விமானம் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு இருந்தாலும், கிணறு வெட்டி, தென்னை வைத்த காட்டை அவர்கள் மனசில்லாமல் விடக்கூடாது. இந்தச் சின்ன விமானமே ஒருநாளும் தவறாமல் வந்தால் எனக்குப் போதும். அவரிடமும் இதையே சொன்னேன்.

“ப்ளேன் மேல எங்களுக்குக் கோவம் இல்லீங்க தம்பி,” என்றார். “எம்புள்ள மெட்ராஸ்லதான் இருக்குது. பேரன் பொறந்து ஆறு மாசமாச்சு. பஸ்சுல போனா இடுப்பு விட்டுப்போகுது.”

விமானம் திரும்பி, ஓடுதளத்தின் முனைக்குப் போய், ஒரு நிமிடம் நின்று, பாதி தூரத்திலேயே எழும்பிவிட்டது. மலைப்பக்கம் வளைந்து சின்னதாகிப் போகும்வரை மூவரும் பேசவில்லை.

பெரியவர்தான் முதலில் கேட்டார், டிக்கெட் என்ன விலை என்று. செல்போனில் பார்த்துச் சொன்னேன். எவ்வளவு முன்னால் எடுத்தால் குறையும், ஆதார் அட்டை போதுமா, ஒரு பை தேங்காய் கொண்டுபோக விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருமகன் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, நிறுவனத்தின் பெயர், கிளம்பும் நேரம், கொண்டுபோக விடும் எடை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். கீழே, “ஜன்னல் ஓரம் கேளுங்க தாத்தா” என்று அவனாகவே சேர்த்திருந்தான். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு சோறு தின்னப் போனார்.