ரெண்டு படி கீழ

காலையில் திருநெல்வேலி குறுக்குத்துறையில் குளிக்கப் போனால், படித்துறையில் நாலு பையன்கள் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

உடுக்கைச் சத்தம் கிட்டாரை அமுக்கியது.

"ஏல, ரெண்டு படி கீழ எறங்குல."

உடுக்கை அடித்தவன் இறங்கினான். சரியாகிவிட்டது. அவ்வளவுதான் மிக்ஸிங்!

1987 நவம்பர் 27இல் கனடாவின் கௌபாய் ஜங்கீஸ் இசைக்குழுவும் இப்படித்தான் செய்தது. டொராண்டோவில் ஒரு தேவாலயம், நடுவில் ஒரே மைக். சத்தமான கருவி தள்ளி, மெல்லியது கிட்ட. ஆல்பத்தில் பெரும்பகுதி அன்று ஒரே நாளில் முடிந்தது. கட்டடத்தின் எதிரொலியும் சேர்ந்தே பதிவானது.

எல்லாம் ஒரே மைக்கில் பதிவாவதால், பிறகு தனித்தனியாகப் பிரித்துத் திருத்த முடியாது. எனக்கு அந்தத் துணிச்சல்தான் பிடிக்கும்.

அப்புறம், படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி பையன்களிடம் கேட்டார். "நிறுத்தட்டுமாய்யா?"

"வேண்டாம் ஆச்சி, நீங்க அடிச்சுத் துவைங்க."